நிறம் தீட்டாத கேப்டன் பவளம்

அக்னி நட்சத்திர வெயில் ஊரைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி குருசுக்குப்பத்துத் தெரேஸ், தன் வீட்டு மொட்டைமாடியில் பாயை விரித்து, டிரங்குப்பெட்டியில் கிடந்த பழைய சித்திரக்கதைப் புத்தகங்களை எல்லாம் அந்துருண்டை வாடை போகட்டும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரப்பிவிட்டு, ஒரு வாய் காபி குடித்து வரலாம் என்று கீழே போய்த் திரும்பி மேலே வந்தபோது, துணிக்கொடிக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி கேப்டன் பவளம் நின்றுகொண்டிருந்தாள். தெரேஸ் அலறவில்லை, மயங்கியும் விழவில்லை. "வெயில்ல நிக்காதம்மா, உள்ள வா" என்றாள்.

தெரியாதவர்கள் யாராவது இருந்தால் சொல்லிவிடலாம். கேப்டன் பவளம் என்பவள் சிவகாசியில் அச்சாகி மாதம் ஒன்றாக வந்துகொண்டிருந்த சித்திரக்கதையின் நாயகி, நீர்க்காகம் என்ற கப்பலுக்குத் தலைவி, கடற்கொள்ளைக்காரனிலிருந்து கள்ளநோட்டுக்காரன் வரை ஒருத்தனையும் சும்மா விடாதவள். அவளை எழுதி வரைந்த ஓவியர் மருதையா, அவளுக்கு அம்மா யார், அப்பா யார், எந்த மண், எந்தக் கடவுள் என்று கடைசிவரை வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். மனிதர் போனாலும் போனார், வாசகர்களைச் சண்டையில் மாட்டிவிட்டுப் போனார். ஒரு இதழில் பவளம் குச்சிகளால் சோறு சாப்பிடுகிறாள், இன்னொரு இதழில் நெற்றி நிறையப் பொட்டு வைத்திருக்கிறாள், புயல் வந்தால் சிலுவை போட்டுக்கொள்கிறாள், சுறா வந்தால் யா அல்லா என்கிறாள். அவளைப் பெற்றவள் வருவது ஒரே ஒரு கட்டத்தில், அதிலும் முகத்தைக் காட்டாமல், முதுகைத் திருப்பிக்கொண்டு தலை வாரிக்கொண்டிருக்கிறாள். அந்த முதுகு யாருடைய முதுகு என்றுதான் புதுச்சேரி காரைக்கால் கேப்டன் பவளம் வாசகர் மன்றம் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டிருந்தது. மன்றத்துக்குச் செயலாளர் தெரேஸ்.

வந்தவள் புத்தகத்தில் இருந்தபடியே வந்திருந்தாள். கறுப்பு மைக்கோடு, கோட்டுக்கு உள்ளே வெறும் காகித வெள்ளை, அவ்வளவுதான். நேரே பார்த்தால் ஆறடி ஆள், பக்கவாட்டில் திரும்பினால் ஒரு கோடு. அதனால் தெரேஸ் வீட்டு மின்விசிறியை நிறுத்த வேண்டியதாயிற்று, இல்லாவிட்டால் கேப்டன் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறாள். குரல் கிடையாது. பேசினால் தலைக்கு மேலே ஒரு பலூன் எழும்பி, மருதையாவின் சாய்ந்த கையெழுத்தில் அவள் சொன்னது அதில் தெரியும். கோபம் வந்தால் பலூனுக்கு முள் முளைக்கும். மனசுக்குள் நினைத்தாலோ தொலைந்தது, பஞ்சுமேகம்போல ஒன்று கிளம்பி, நினைத்ததை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் வெளியே வந்த புத்தகம் பாயிலேயே கிடந்தது. கடலுக்கு நீலம், கப்பலுக்குச் சிவப்பு, வானத்துக்கு ஆரஞ்சு என்று சின்னப்பிள்ளைக் கை கிரேயான் தீட்டியிருந்த பக்கத்தின் நடுவே, பவளம் நின்ற இடம் மட்டும் அவள் உருவத்திலேயே ஓட்டையாகியிருந்தது. தெரேஸ் அதைப் பார்த்தாள், சட்டென்று மூடினாள், பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். கேட்டவர்களிடம், எங்கிருந்து வந்தாளோ, மாடிக்கு வந்து பார்த்தால் நிற்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

ஊர் என்ன செய்தது என்கிறீர்களா? ஊர் எதைத்தான் தாங்காது? முதல் வாரம் மாடிப்படி கொள்ளாத கூட்டம், இரண்டாவது வாரம் வந்தவர்கள் பாதி பேர் கீழே நின்றே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், அதற்கப்புறம் பவளம் பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றால் பின்னால் இருப்பவர்கள், "சீக்கிரம் வாங்கிட்டு நவுரும்மா" என்று அதட்டும் அளவுக்குப் பழகிப்போயிற்று. படிக்கத் தெரியாத மீன்காரம்மா பக்கத்துக் கடைக்காரரிடம், "என்னா சொல்லுது பொண்ணு? விலை கொறைக்கச் சொல்லுதா?" என்று கேட்டுக்கொண்டாள். மாதா கோயில் பிரசங்கத்தின்போது அவள் தலைக்கு மேலே எழும்பிய மேகத்தில் 'இவர் எப்போதுதான் முடிப்பார்?' என்று தெரிந்ததில் சபையே சிரித்துவிட, சாமியார் அதற்கப்புறம் பத்து நிமிஷத்துக்கு மேல் பேசுவதில்லை. விசாரிக்க வந்த ஏட்டு, வெளிநாட்டு ஆளா உள்நாட்டு ஆளா என்று கேட்டார். 'என்னை வரைந்தவர் சொல்லவில்லை' என்றது பலூன். ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, தன் பையனுக்காக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

சாப்பாடு மட்டும் நிற்காமல் வந்தது. முத்தியால்பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மா, பவளத்தின் முகவாய் அச்சு அசலாகத் தன் நாத்தனார் முகவாய்தான் என்று சத்தியம் செய்து வத்தக்குழம்பு கொடுத்துவிட்டுப் போனாள். காரைக்காலிலிருந்து பிரியாணி வந்தது, புருவத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா, எங்கள் மரைக்காயர் வீட்டுப் புருவம் என்ற செய்தியோடு. பவளம் எல்லாவற்றையும் சாப்பிட்டாள், எதுவும் அவள் வெள்ளையில் ஒட்டவில்லை. சாப்பிட்ட கையோடு எழுந்து மாடியில் நடப்பாள். உட்கார மாட்டாள். மருதையா ஒவ்வொரு பக்கத்தையும் ஏதாவது ஒரு ஆபத்தில் கொண்டுவந்து நிறுத்திப் பழக்கியிருந்தாரே, அதனால் நாலடி நடந்தால் நிற்பாள், தோளுக்கு மேலே திரும்பிப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள், 'அடுத்த கட்டத்தில் என்ன?' என்ற மேகம் காலை முதல் மாலை வரை அவள் தலையை விட்டு இறங்காது. கீழே பிரெஞ்சு டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கும் தெரேஸ், தலைக்கு மேலே அந்தக் காலடியைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகளின் வாக்கியத்தைத் தப்பாகத் திருத்துவாள். அவளுக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

ஏன் இருப்புக்கொள்ளும்? தெரேஸின் அப்பா லூர்து, வில்லியனூர்க்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போன சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. போன இடத்தில், சைகோனுக்குத் தெற்கே மீத்தோ என்ற ஊரில் ஹோவா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, சண்டை முடிந்து அவளோடு கப்பலேறி ஊர் திரும்பினார். அப்பா அடுப்புக்கரி நிறம், வியட்நாம் வழக்கப்படி தெரேஸ் மா என்று கூப்பிட்ட அம்மா மஞ்சள் பூசாமலே மஞ்சள். தெரேஸுக்கு அப்பாவின் உயரம், மாவின் கண். பள்ளிக்கூடத்தில் அவளைச் சீனாக்காரி என்றார்கள். சீனா எங்கே, வியட்நாம் எங்கே, கேட்பார் யார்? நீ எந்த ஊருடி என்பார்கள், இங்கதான் என்பாள், அது சரி, சொந்த ஊரு என்பார்கள். அந்த இரண்டாவது கேள்வி இருக்கிறதே, அது ஐம்பது வருஷமாக அவள் பின்னாலேயே வருகிறது, பஸ்ஸில், பேங்கில், கல்யாணப் பந்தியில், ஆஸ்பத்திரி வரிசையில். பத்து வயதில் அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தாள். "கேப்டன் பவளம் ஊரு" என்பாள். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் சிரிக்க மாட்டாள், ஏனென்றால் அந்தக் குச்சிச் சோறும், பொட்டும், சிலுவையும் ஒரே ஆளுக்கு இருக்கும் ஒரு ஊர் உலகத்தில் உண்டு, அங்கே தனக்கும் ஒரு வீடு உண்டு என்று அவள் முழுமனசாக நம்பினாள்.

இதை மன்றத்தில் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மன்றத்தில் ஒரு பழக்கம் இருந்தது. மருதையாவின் புத்தகம் கறுப்பு வெள்ளை என்பதால், அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் கிரேயான் வைத்துத் தாங்களே நிறம் தீட்டிக்கொண்டார்கள். அந்தச் சின்னவயதுக் கலர் பிரதியைக் கொண்டுவந்து காட்டினால்தான் மன்றத்தில் ஆள் மதிப்பு. தலைவர் புருஷோத்தமன், நெல்லித்தோப்பில் மருந்துக்கடை வைத்திருப்பவர், தன் பிரதியில் பவளத்தை நல்ல மாநிறமாக்கி நெற்றியில் குங்குமம் இட்டிருந்தார், ஆகவே அவள் சோழக்கரைத் தமிழச்சி. காரைக்கால் காதர் பாயின் பிரதியில் அவள் சிவப்பு, ஆகவே மரைக்காயருக்கும் பினாங்கு மலாய்க்காரிக்கும் பிறந்தவள். உன் பிரதி எங்கே தெரேசு என்று கேட்டால், "எங்கயோ இருக்குண்ணே, தேடணும்" என்பாள்.

காதர் பாய் ஒருதரம் கலப்பு என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டார் என்று புருஷோத்தமனுக்கு வந்ததே கோபம். "ஒரு கேரக்டர்னா அதுக்கு ஒரு மண்ணு வேணும் பாய். பாதி இது, பாதி அதுன்னா காபியில டீயை ஊத்தின மாதிரி. யாராச்சும் குடிப்பாங்களா?" என்று மேசையைத் தட்டியவர், எதிரே உட்கார்ந்திருந்த தெரேஸைப் பார்த்துவிட்டு, "உன்னச் சொல்லலம்மா, நீ நம்ம வீட்டுப் பொண்ணு" என்றார். தெரேஸ் சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. அவர் நல்ல மனிதர், மா சாகக் கிடந்தபோது மருந்து தேடி அலைந்தவர், அதுதான் கஷ்டம். கெட்டவன் சொன்னால் திட்டிவிட்டுப் போகலாம்.

இப்படி இருக்கும்போதுதான் ஆவணிக் கடைசியில் தெரேஸ் அதைக் கவனித்தாள். பவளம் பழுக்க ஆரம்பித்திருந்தாள். மலிவான காகிதம் அல்லவா, வெயில் பட்டு முதலில் தோள் மஞ்சளாயிற்று, பிறகு நெற்றி, பிறகு விரல் நுனி பழுப்பேறி, கதவைப் பிடித்தால் பொடி உதிர்ந்தது. புரட்டாசியில் ஒரு தூறல் விழுந்தபோது மாடியிலிருந்து உள்ளே ஓடிவருவதற்குள் இடது முழங்கை மை கலங்கிவிட்டது. ஐப்பசி மழை பிடித்தால் இவள் கூழாகிப் போவாள் என்று தெரேஸுக்குப் புரிந்தது. அவளை உட்காரவைக்கப் பார்த்தாள், உட்காரவில்லை. 'எனக்கு நிறம் வேண்டும்' என்றது பலூன். 'நிறம் ஏறினால் நான் கெட்டிப்படுவேன். யாராவது தீட்டுங்கள்.'

விஷயம் வாட்ஸ்அப் குழுவில் பரவியதும் புருஷோத்தமன் குதித்தார். இத்தனை வருஷத்துச் சண்டை தீர இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? மழைக்கு முன்னால் அவசரப் பொதுக்குழு, கைதூக்கி ஓட்டெடுப்பு, எந்தப் பிரதிக்கு ஓட்டு அதிகமோ அந்த நிறம். தெரேஸ் போன் செய்தாள். "அண்ணே, அவளக் கேக்க வேணாமா?"

"அவளுக்கே தெரியலன்னுதானம்மா சொல்றா. நாமதான முடிவு பண்ணணும், வாசகர்னு எதுக்கு இருக்கோம்?"

மருந்துக்கடை மாடியில், காலை பத்து மணிக்கு, ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, பவளத்தை நடுவில் நிறுத்தினார்கள். ஆளாளுக்கு அட்டை கிழிந்த கலர் பிரதிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாரும் விரித்துக் காட்டியபோது தெரேஸ் பார்த்தாள், ஒரு பவளம்கூட இன்னொரு பவளம் மாதிரி இல்லை, ஒவ்வொருத்தி முகத்திலும் தீட்டினவர்களின் வீடு தெரிந்தது, அக்கா சாயலும் சித்தி சாயலும் தெரிந்தது. ஆசையில் தீட்டியிருக்கிறார்கள் பாவம், அதில் பொய் ஒன்றுமில்லை. தெரேஸுக்கு அவர்கள் மேல் இருந்த ஆத்திரம் அந்த நிமிஷத்தில் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது.

ஓட்டில் மாநிறம் ஜெயித்தது. புருஷோத்தமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளித்துவிட்டு வந்த பக்தியோடு தூரிகையைத் தோய்த்து, பவளத்தின் வலக்கையில் ஒரு இழுப்பு இழுத்தார். சாயம் சேப்பங்கிழங்கு இலையில் விட்ட தண்ணீராக உருண்டு தரையில் சொட்டியது. இன்னொரு இழுப்பு, அதுவும் ஓடிவிட்டது. காதர் பாய் தன் சிவப்பைக் கொண்டுவந்தார், அதுவும் நிற்கவில்லை. ஒவ்வொருத்தராக வந்து பார்த்தார்கள், தரைதான் வண்ணக்குழம்பாயிற்று, பவளம் பழுத்த காகிதமாகவே நின்றாள். வெளியே இடி இடித்தது. அவள் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தாள்.

கீழே குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்த காதர் பாய்தான் முதலில் பார்த்தார். "புருஷு, இங்க வாங்க. இவ பூட்ஸ் ஓரத்துல நீலம் இருக்கு, பாத்தீங்களா? கிரேயான். கடலுக்கு அடிச்சது கோட்டைத் தாண்டி இவ மேல பட்டிருக்கு." எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்தார். "அப்போ இவ யாரோ ஒருத்தரோட பிரதியிலேர்ந்து வந்திருக்கா. அந்த ஆளு கடலுக்கு அடிச்சிருக்கு, இவள மட்டும் அடிக்காம விட்டிருக்கு. யாருப்பா அது? அந்த ஆளு தீட்டினாத்தான் ஒட்டும்போல."

பவளத்தின் தலைக்கு மேலே பலூன் ஒன்று எழும்பியது, எழுத்து ஒன்றும் இல்லாமல் காலியாக, அதன் வால் மட்டும் நீண்டு நீண்டு கடைசி வரிசை வரை போய்த் தெரேஸைத் தொட்டது.

தெரேஸ் எழுந்தாள். "என்னோடதுதாண்ணே. பெட்டியிலதான் இருக்கு. தேடணும்னு சொன்னது சும்மா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பத்து வயசுல அப்பா பன்னெண்டு கலர் கிரேயான் வாங்கிக் கொடுத்தாரு. கடலுக்கு அடிச்சேன், கப்பலுக்கு அடிச்சேன். இவகிட்ட வந்தேன். மா ஒரு பக்கம் உக்காந்து பாத்துக்கிட்டிருக்கு, அப்பா ஒரு பக்கம் உக்காந்து பாத்துக்கிட்டிருக்காரு. பழுப்பை எடுத்தா மா இல்ல. வெளிர் மஞ்சளை எடுத்தா அப்பா இல்ல. ரெண்டு பேரும் என் கையையே பாக்குறாங்க. எத எடுக்கறது நான்? தூக்கம் வருதுன்னு பொய் சொல்லிட்டுப் பெட்டிய மூடிட்டேன். அதுக்கப்புறம் தொடவே இல்ல."

புருஷோத்தமன் தூரிகையைப் பிடித்தபடி நின்றார். "அன்னைக்குக் காபி டீன்னு சொன்னேனேம்மா…"

"சொன்னீங்க" என்றாள் தெரேஸ். "வலிச்சுது."

அவர் தூரிகையைத் துடைத்து அவளிடம் நீட்டினார். பிறகும் மனசு கேட்காமல், "இருந்தாலும் பொதுக்குழு முடிவுன்னு ஒண்ணு எடுத்திருக்கோம், அதையும் கொஞ்சம்…" என்று ஆரம்பித்தவரைக் காதர் பாய் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தார். "சும்மா இருங்களேன்."

தெரேஸ் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். பழுப்பை விட்டாள், மஞ்சளை விட்டாள், துளி சிவப்பு விட்டாள், சுவருக்கு அடிக்கிறவர்கள் ஓரத்தில் தடவிப் பார்ப்பதுபோலத் தன் மணிக்கட்டில் தடவிப் பார்த்தாள். சேரவில்லை. தன் தோலை அவள் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை, கண்ணாடியில்கூட அவசரமாகப் பார்த்துத் திரும்பிவிடுகிறவள். கலக்கக் கலக்க ஒரு சமயம் தட்டில் அப்பா தெரிந்தார், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து இறங்கும் அதே நிறம். இன்னும் இரண்டு சொட்டு மஞ்சள் விட்டதும் அப்பா போய் மா வந்தாள், நொக்மாம் மீன்சாற்று வாசனையோடு சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் மா. அங்கேயே நிறுத்திவிடலாமா என்று கை தயங்கியது. நிறுத்தாமல் இன்னும் ஒரு சொட்டுப் பழுப்பு விட்டாள், கலக்கினாள், மணிக்கட்டில் தடவினாள். தடவிய இடம் எது, தடவாத இடம் எது என்று தெரியவில்லை.

நெற்றியில் வைத்த முதல் தொடுதல் நின்றது. கன்னம் நின்றது, கழுத்து நின்றது. நிறம் ஏற ஏறப் பவளத்துக்குப் பக்கவாட்டு வந்தது, மூக்குக்கு நிழல் வந்தது, மைக்கோடுகள் தோலுக்குள் அமுங்கின. விரல் நுனியைத் தீட்டி முடித்ததும் தலைக்கு மேலே இருந்த பலூன் பட்டென்று உடைந்தது.

"அப்பாடா, காலு என்னமா வலிக்குது" என்று சொல்லிவிட்டு, கேப்டன் பவளம் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. இத்தனை மாதம் மார்க்கெட்டில் கேட்டுக் கேட்டுப் பேச்செல்லாம் குருசுக்குப்பத்துப் பேச்சாகியிருந்தது.

கூட்டம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. சிலருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "யாரு மாதிரியும் இல்லையேப்பா" என்றார் புருஷோத்தமன், பாதி ஏமாற்றமாக.

"தெரேசு மாதிரி இருக்கா" என்றார் காதர் பாய். புருஷோத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. தெரேஸும் பவளமும் தெருமுனைக்கு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்தார்கள். சாரல் பவளத்தின் முழங்கையில் அடித்தது, ஒன்றும் ஆகவில்லை. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். டிரைவர் வேற்றூர்க்காரர், கேப்டன் பவளத்தைப் படித்தவரும் இல்லை, கேள்விப்பட்டவரும் இல்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"இங்கதான், குருசுக்குப்பம்" என்றாள் பவளம்.

"அது சரிம்மா. சொந்த ஊரு?"

பவளத்தின் முகம் மாறியது. எத்தனையோ சுறாவையும் சூறாவளியையும் பார்த்தவள், இதற்கு வழி தெரியாமல் தெரேஸின் பக்கம் திரும்பினாள். அந்த முழியைத் தெரேஸ் நன்றாக அறிவாள், பள்ளிக்கூட வாசலில் அவளே அப்படி முழித்திருக்கிறாள்.

"எங்கம்மாவுக்கு மீத்தோ, வியட்நாம்ல இருக்கு. எங்கப்பாவுக்கு வில்லியனூரு" என்றாள் தெரேஸ், ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக, இரண்டு பெயரையும் ஒரே மூச்சில், ஆட்டோ சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி. "எனக்கு இந்த ஊரு. உங்களுக்குண்ணே?"

"நமக்கு மரக்காணம்மா" என்று சொல்லிவிட்டு டிரைவர் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

கொஞ்ச தூரம் போனதும் பவளம் தெரேஸின் காதோரம் குனிந்தாள்.

"அக்கா, இனிமே யாராச்சும் கேட்டா நானும் அதையே சொல்லிக்கட்டுமா?"

தெரேஸ் அவள் பக்கத்து ரெக்சின் திரையை இழுத்துச் சாரல் அடிக்காமல் கட்டிவிட்டாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"சொல்லு" என்றாள்.